மாத்திரையும் ஜெபமும்

அன்புள்ள ஜோயல்,

அடுத்த மாதம் உன்னைப் பீடத்தின் முன்னால் முழங்காலில் நிறுத்தி, பெரியவர்கள் உன் தலையில் கைவைத்து, குருப்பட்டம் கொடுத்து ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கப் போகிறார்கள். அப்பா இப்போதே தனக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். தேக்கா மார்க்கெட்டில் எந்தக் கடையில் நின்றாலும், "என் பையன் பாஸ்டர் ஆகப் போறான்" என்று சொல்லிவிட்டுத்தான் வெங்காயம் வாங்குகிறார். எனக்கும் அந்தச் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அந்த நாள் வருவதற்குள் உன்னிடம் சொல்லியே தீரவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நேரில் சொன்னால் நீ பாதியிலேயே என் கையைப் பிடித்து ஜெபிக்கத் தொடங்கிவிடுவாய். நானும் கண்ணை மூடிக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. ஜெபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் செம்பவாங் சபையில் நீ பிரசங்கம் செய்ததைக் கேட்க வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? நன்றாகத்தான் பேசினாய். உன் தமிழ் எவ்வளவோ தேறியிருக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் மேசையைத் தட்டி, "மனச்சோர்வு என்பது அவிசுவாசம் பெற்ற பிள்ளை. கர்த்தரை மெய்யாக நம்புகிறவன் சோர்ந்துபோக மாட்டான்" என்றாய். பலர் ஆமென் சொன்னார்கள். கடைசி வரிசையில் எனக்கு இரண்டு இடம் தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. வேதாகமத்தை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நீ அதைச் சொன்னதும் அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். நீ பார்த்திருக்க மாட்டாய். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று கவனிக்கிற பழக்கம் கோயிலுக்குள் வந்தாலும் போவதில்லை. நான் பின்னாலேயே போனேன்.

அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கம் என்றார். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங் வேலை, ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு நான், "தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் அப்படியே கலைந்துபோயிற்று. பல மாதங்களாகவே இப்படித்தான் இருக்கிறதாம். விடுதி அறையில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாராம். வீட்டுக்கு மட்டும் நல்லா இருக்கேன் என்று குரல் பதிவு அனுப்பிவிடுவாராம். யாரிடமாவது சொன்னால் முதலாளி காதுக்குப் போய், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அன்றைக்கு ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று கோயிலுக்கு வந்திருக்கிறார். கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால். "அக்கா, எனக்கு விசுவாசம் பத்தலைன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னைக்கு பாஸ்டரும் சொல்லிட்டாரு."

நான் அந்த பாஸ்டரோட அம்மா என்று அவரிடம் சொன்னேன். தினமும் காலையில் கோப்பி குடித்துவிட்டு மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை போடுகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அவர் பெயரை உனக்குச் சொல்லமாட்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் கதையை முழுதாகச் சொல்லப் போகிறேன். அதில் உனக்குத் தெரிந்தது பாதிதான்.

நீ இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது வந்தது. மனச்சோர்வு என்றால் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும், அதன்பின் தூக்கம் இல்லை. சாப்பாடு வாயில் சக்கையாகச் சுழலும். அப்பா ஒரு கதவை ஓங்கிச் சாத்தினால்கூட எரிந்து விழுவேன். பாட்டுக்குழுவில் நிற்பேன், வாய் அசையும், பாட்டு மட்டும் வராது. குளிக்க வேண்டும் என்று எழுந்துபோவதே மலை ஏறுவது போல இருக்கும். என்ன குறை உனக்கு என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் தேடிப் பார்த்தேன். சொந்த வீடு, நல்ல புருஷன், ஊழியத்துக்குப் போகிற மகன். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. காரணம் கிடைக்காததையே ஒரு பாவமாக எண்ணி, நன்றிகெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜோயல், இதைக் குறித்துக்கொள். வெட்டுக்காயம் பட்டவன் காயத்தைக் காட்டுவான். இந்த வியாதிக்காரனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அவனிடம் போய்க் காரணம் கேட்டு நிற்காதே.

ஒரு நாள் மத்தியானம், ஜூரோங் பக்கம் ஒரு நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு ஒரு சீனப் பெரியவர் கையை நீட்டினார். அவரையும் பார்த்தேன், நீட்டிய கையையும் பார்த்தேன். கால் மட்டும் பிரேக்குக்குப் போகவில்லை. அவரைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து யாரோ, "அங்கிள் நிக்கிறாரு லா!" என்று கத்தினார்கள். புக்கிட் பாத்தோக் பஸ் நிலையத்துக்கு வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இருக்கையை விட்டு எழவில்லை. அடுத்து ஓட்ட வந்தவர் கண்ணாடியைத் தட்டி, மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தார்; அவர்கள் என்னை டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றித்தான். இரண்டாவது கேள்வி சாப்பாட்டைப் பற்றி. மூன்றாவதாக, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. மாத்திரை கொடுத்து, கொஞ்ச காலம் பஸ் ஓட்ட வேண்டாம் என்று எம்.சி. விடுப்புச் சீட்டு எழுதினார். மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் நீ உன் கல்லூரி நண்பர்கள் இருவரோடு வீட்டுக்கு வந்தாய். எண்ணெய் பூசி, என்னைச் சுற்றி நின்று, வெகுநேரம் ஜெபித்தீர்கள். நீ அழுதாய். உன் அழுகையில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஜெபம் முடிந்து, மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, "அம்மா, நீங்க மாத்திரைய நம்புறீங்களா, இயேசுவ நம்புறீங்களா?" என்று கேட்டாய்.

நீங்கள் போன பிறகு அடுப்படிக்குப் போய், மாத்திரைகளை எல்லாம் சுவரில் இருக்கும் குப்பைக் குழாய்க்குள் போட்டேன். அட்டை உரசிக்கொண்டே கீழ்த்தளம்வரை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சியும் சொன்னேன். கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நீதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாய். அதன்பிறகு சுகமில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போயிற்று. சொன்னால் ஆண்டவரையும் உன்னையும் சேர்த்துப் பொய்யாக்குவது போல ஆகிவிடாதா?

நீ அறியாத பாதி இனிமேல்தான் வருகிறது. சில வாரத்தில் முன்பைவிட ஆழமாக விழுந்தேன். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம், வீட்டில் தனியாக இருந்தபோது, நான் இல்லாமல் போவதுதான் உங்கள் இருவருக்கும் நல்லது என்று தோன்றியது. அது ஒரு வெறிபோல வரவில்லை. கணக்குக்கு விடை கண்டுபிடித்தது போல, மிகவும் நியாயமாகத் தோன்றியது. அதுதான் அந்த வியாதியின் பெரிய பொய் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்று எனக்கு மிஞ்சியிருந்த பெலன் எல்லாம் ஒரு போன் செய்யத்தான் போதுமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு, "என்னங்க, எனக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுது" என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கிறவர். வேதத்தில் ஒரு சங்கீதத்துக்குமேல் மனப்பாடமாகத் தெரியாது. அவர் உடனே, "இப்பவா தோணுது?" என்றார். ஆமாம் என்றேன். "போனை வைக்காதே. கதவைத் திறந்து, பக்கத்து வீட்டம்மாகிட்ட போய் உக்காரு. நான் வந்துட்டே இருக்கேன்." அந்த மலாய் அம்மா என் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் என்னைச் சோபாவில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா வேன் ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வந்தார். உபதேசம் ஒன்றும் இல்லை. இப்போ கிளமெண்டியைத் தாண்டுகிறேன், இங்கே மழை, முன்னால் போகிற லாரிக்காரனுக்கு விளக்கு எரியவில்லை, இப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அந்தக் குரல் என் காதில் இருந்துகொண்டே இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

எனக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னேன். நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். பிறகும் சொல்லவில்லை. "அவன் உடைஞ்சிடுவான், விடு" என்று அப்பா தடுத்துவிட்டார். இப்போதும் அவருக்கு அரைமனதுதான். ஆனால் அந்த வெல்டிங் வேலைக்காரர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது முடிவெடுத்துவிட்டேன். நீ உடைந்தாலும் பரவாயில்லை. நாங்கள் இருக்கிறோம், தாங்கிக்கொள்வோம். தெரியாமல் நீ பிரசங்க மேடையில் ஏறுவதை நான் இனி அனுமதிக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான் இருந்தது. பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நிற்பாளே கிரேஸ், அவள் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வேலை முடிந்ததும் இடியாப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு ரயிலேறி வருவாள். என்னால் ஜெபிக்கக்கூட முடியவில்லை கிரேஸ் என்றேன். "நீ ஜெபிக்க வேணாம். அதை நாங்க பாத்துக்கிறோம். நீ சாப்பிடு" என்றாள். அன்றிரவு எனக்கு அந்தத் திமிர்வாதக்காரன் ஞாபகம் வந்தது. நான்கு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன்னால் இறக்கினார்களே, அவன்தான். அவன் ஏதாவது ஜெபித்தான் என்றோ, நம்பினான் என்றோ அங்கே எழுதியிருக்கிறதா? ஆண்டவர் பார்த்தது தூக்கிவந்தவர்களுடைய விசுவாசத்தைத்தான். படுக்கையில் கிடக்கிறவனிடம் போய் உனக்கு விசுவாசம் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திரும்பவும் மாத்திரை. அதோடு வாரம் ஒரு தரம் ஆலோசகரிடம் பேசுவது. சாயங்காலம் அப்பாவோடு நம் அடுக்குமாடி பிளாக்கைச் சுற்றி நடப்பது. தேறுவதற்கு நாளானது. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் சறுக்கும். ஒரு காலை கோப்பியில் சீனி கூடிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ருசி திரும்பிவிட்டது என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு டாக்டர் கையெழுத்துப் போட்டு, நிறுவனமும் சோதித்துப் பார்த்து, மறுபடியும் பஸ் ஓட்டத் தொடங்கினேன். ஜெபமும் திரும்பி வந்தது, முன்பைவிடச் சின்னதாக, முன்பைவிட உண்மையாக. கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று இன்றைக்கும் சாட்சி சொல்வேன். ஆனால் இந்தத் தடவை அந்தச் சாட்சியில் டாக்டரும் அப்பாவும் கிரேஸும் அந்த மலாய் அம்மாவும் வருவார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பார்த்த அந்தச் சகோதரருடைய கதையையும் முடித்துவிடுகிறேன். அடுத்து எனக்கு ஓய்வு கிடைத்த நாளில் அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். அவர் உள்ளே போய் வரும்வரை வெளியில் காத்திருந்தேன். வந்ததும், ஊருக்குப் போன் பண்ணட்டுமா அக்கா என்று கேட்டார். நடைபாதையில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாள் அழுதது எனக்கே கேட்டது. அவர் பயந்தபடி முதலாளி வேலையைப் பிடுங்கவில்லை. மேற்பார்வையாளரிடம் அவரே சொன்னார், உயரத்தில் செய்கிற வேலையிலிருந்து தற்சமயம் மாற்றிவிட்டிருக்கிறார்கள். இன்னும் முழுக்கத் தேறவில்லை. ஆனால் இப்போது குரல் பதிவில் பொய் சொல்வதில்லையாம்.

நாளைக்கு உன்னிடமும் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். சிலர் வயிற்றுவலி என்பார்கள், சிலர் சும்மா பார்க்க வந்தேன் என்பார்கள். உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொள். தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் கேள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வெட்கப்படாமல் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், சொல்லிவிட ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். ஆமாம் என்றால் தனியே விடாதே, கூடவே போ. ஜெபம் செய், ஆனால் அது அவர்கள் தாங்குகிற அளவுக்கு இருக்கட்டும். டாக்டர் கொடுத்ததை நிறுத்து என்று சொல்கிற அதிகாரம் உனக்கு இல்லை. உன் தலையில் எத்தனை பேர் கைவைத்தாலும் அது வராது. என் கதையை மேடையில் சொல்ல வேண்டுமென்றால் தாராளமாகச் சொல், பெயரோடு சொல். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவும் பாஸ்டராகப் போகிறவனுக்கு. இனி எழுதுவது என் மகனுக்கு.

திங்கட்கிழமைதோறும் உன் ஓய்வு நாளில் செம்பவாங்கிலிருந்து நம் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வருகிறாய். இரண்டு மாதமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெத்திலி சம்பல் வைத்தால் சட்டியையே வழிப்பவன், நான்கு வாயோடு தட்டை மூடுகிறாய். விளக்கைப் போடாமல் அறையில் உட்கார்ந்திருக்கிறாய். விடியற்காலையில் எனக்கு நீ அனுப்புகிற வேத வசனம் எந்த நேரத்தில் வருகிறது என்று நான் பார்க்காமல் இல்லை. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. போன வாரம் கேட்டதற்கு, "டயர்ட் லா மா, ஆர்டினேஷன் டென்ஷன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கண்ணா. நானும் அதே சிரிப்பைத்தான் சபை வாசலில் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். செம்பவாங்கில் மேசையைத் தட்டி நீ யாரை மிரட்டினாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. சோர்ந்துபோகக் கூடாது என்று நீ உனக்கே பிரசங்கித்துக்கொண்டிருந்தாய்.

நான் டாக்டர் இல்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் வீட்டுக்கு வந்து என்னைக் கேலி செய், சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நீயும் நானும் மேசையில் உட்கார்ந்து முடிவுகட்டும் விஷயம் இல்லை இது. வரும் திங்கட்கிழமை காலைக்கு பாலிகிளினிக்கில் உன் பெயருக்கு நேரம் வாங்கிவிட்டேன். நானும் லீவு எடுத்துவிட்டேன். குருப்பட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் தள்ளிப்போடட்டும். கர்த்தரிடம் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் சட்டையும் பீரோவில் காத்திருக்கும். அந்தத் திமிர்வாதக்காரனைப் போல என்னை அப்பாவும் கிரேஸும் தூக்கிக்கொண்டு போனார்கள், ஜோயல். கூரையைப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கும் நானும் அப்பாவும் தயார்.

அதற்குமுன் எந்த நேரத்திலாவது, நீ இல்லாமல் போவதே நல்லது என்கிற அந்தப் பொய் உன்னிடமும் வந்து நியாயம் பேசினால், திங்கள்வரை காத்திருக்காதே. உடனே எனக்கோ அப்பாவுக்கோ போன் செய். வாயைத் திறந்து சொல். வண்டி ஓட்டிக்கொண்டே நாங்கள் பேசுவோம்.

திங்கட்கிழமை நீ வீட்டுக்கு வர வேண்டாம். நானே முதல் ரயிலைப் பிடித்து செம்பவாங் வந்து உன் அறைக் கதவைத் தட்டுகிறேன். நீ ஜெபத்தில் இருந்தாலும் சரி, போர்வைக்குள் இருந்தாலும் சரி, திறக்கிறவரை தட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் அம்மா